தென்னாப்பிரிக்கா 1990–94: எதிரும் புதிருமாக நின்றவர்கள் மேசையில் என்னதான் செய்தார்கள்?

ஏட்டுச்சுரைக்காய் (கேள்வி)

ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கும்போது தலைவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று யார் பேசினாலும், வெள்ளையர் நிறவெறி ஆட்சியைப் பேசியே முடித்த தென்னாப்பிரிக்கா வந்துவிடுகிறது. மண்டேலாவின் பெருந்தன்மை, வெள்ளையர் ஆட்சியின் அதிபர் டி கிளெர்க்கின் துணிச்சல், இருவரும் கைகுலுக்கும் படம். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பயிற்சி வகுப்புக்குக் குறிப்பு தயாரிக்கிறேன். எனக்கு வேண்டியது செய்முறை. மேசையில் யார், எத்தனை பேர்? ஒத்துவராதபோது முடிவெடுத்தது எப்படி? எங்கே உடைந்தது, எப்படி ஒட்டவைத்தார்கள்? "மனம் மாறினார்கள்" என்ற பதிலைத் தவிர எதுவும் சரி.

நாலுமுக்கு

முதல் சுற்று ஏன் கவிழ்ந்தது என்பதில் தொடங்குங்கள். அதில்தான் பாடம் அதிகம்.

1991 டிசம்பர் 20, 21-இல் ஜோஹானஸ்பர்க் பக்கத்தில் கெம்ப்டன் பார்க்கின் உலக வர்த்தக மையத்தில் 19 தரப்புகள் கூடின. அதுதான் கோடெசா (ஜனநாயகத் தென்னாப்பிரிக்காவுக்கான மாநாடு). வேலையை ஐந்து குழுக்களாகப் பிரித்தார்கள். இரண்டாவது குழுவிடம் கேள்வி ஒன்று சிக்கியது: புதிய அரசியல் சட்டத்தை எத்தனை சதவீத ஆதரவோடு நிறைவேற்றுவது? அரசுத் தரப்பு 75 என்றது. மண்டேலாவின் ஏ.என்.சி. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) மூன்றில் இரண்டில் தொடங்கி 70 வரை ஏறி வந்தது, உரிமைகள் பட்டியலுக்கு மட்டும் 75 தரலாம் என்றும் சொன்னது. 1992 மே மாதம் இரண்டாவது பொதுக்கூட்டம் இந்த ஐந்து சதவீதத்தில் முட்டி நின்றது. மற்ற குழுக்கள் முடித்து வைத்திருந்ததும் அதோடு தொங்கிப்போனது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் ஒரு முடிச்சு இறுகினாலே மூட்டை திறக்காது.

ஜூன் 17-இல் போய்பதோங் படுகொலை. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏ.என்.சி. பேச்சை முறித்துக்கொண்டது. செப்டம்பர் 7-இல் பிஷோவில் ஏ.என்.சி. ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச்சூடு, அதில் 28 பேர் பலி. ஆனால் அந்த மாதம் 26-ஆம் தேதியே இரு தரப்பும் புரிந்துணர்வுப் பதிவேட்டில் கையெழுத்திட்டன. இடைப்பட்ட மாதங்களில் கோடு அறுந்துபோகாமல் காத்தது ஏ.என்.சி.யின் ராமபோசா, அரசுத் தரப்பின் ரூல்ஃப் மேயர் என்ற இரண்டு பேர். பதிவேட்டில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. அரசியல் கைதிகளை விடுவிப்பது, வன்முறைக்குப் பேர்போன தொழிலாளர் விடுதிகளுக்கு வேலி போடுவது, பொது இடத்தில் ஆயுதம் ஏந்தத் தடை. மூன்றுமே நடந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை. "நல்லெண்ணத்தோடு செயல்படுவோம்" என்று எழுதியிருந்தால் யார் போய்ச் சரிபார்ப்பது?

1993 ஏப்ரலில் 26 தரப்புகளோடு மறுபடி உட்கார்ந்தபோது அமைப்பையே மாற்றினார்கள். பேச்சுக்குழுவில் தரப்புக்கு இரண்டு பிரதிநிதிகள், அதில் ஒருவர் பெண். இது தானாக வந்த சலுகை இல்லை, பெண்கள் சண்டை போட்டு வாங்கியது. வரைவு எழுதும் வேலை கட்சிக்காரர்களிடமிருந்து ஏழு நிபுணர் குழுக்களின் கைக்குப் போனது. கட்சிகள் தங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுக்கும், நிபுணர்கள் வரைவாக்கித் திருப்புவார்கள், அதன்மேல் விவாதம். தன் வரைவைக் காப்பாற்றச் சண்டை போடுகிறவன் வேறு, அடுத்தவர் வரைவைத் திருத்தச் சொல்கிறவன் வேறு. பின்னவனிடம் வீம்பு குறைவு.

டர்பன்_தமிழன்

நாலுமுக்கு சொன்னது சரி, ஆனால் "போதிய ஒருமித்த கருத்து" என்ற விதியை விட்டுவிட்டார். எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, வாக்கெடுப்பும் கிடையாது. வேலை நகரும் அளவுக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று தலைமை வகிப்பவர் தீர்ப்புச் சொல்வார். நடைமுறையில், அரசும் ஏ.என்.சி.யும் ஒத்துக்கொண்டால் போதும் என்றாகிவிட்டது.

வேகம் கிடைத்தது, விலையும் உண்டு. தேர்தல் தேதி 1994 ஏப்ரல் 27 என்று இப்படித்தான் முடிவானது. சூலு மக்களிடையே செல்வாக்குள்ள புத்தலேசியின் இன்காதா கட்சி வெளியேறியது. தலைமையின் தீர்ப்பு செல்லாது என்று அவர் தலைமையிலிருந்த குவாசூலு நிர்வாகம் நீதிமன்றம் போய்த் தோற்றது. சட்டத்தில் தோற்றவன் சமாதானமாகிவிடுவானா? சூலு மக்கள் வாழும் நேட்டால் மாகாணத்தில் கொலைகள் நிற்கவில்லை. 1994 ஏப்ரல் நடுவில் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரும் பிரிட்டனின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காரிங்டனும் சமரசம் பேச வந்தார்கள், எதைப் பற்றிப் பேசுவது என்பதிலேயே உடன்பாடு இல்லாமல் திரும்பிப் போனார்கள். அவர்களோடு வந்திருந்த கென்யாக்காரர் வாஷிங்டன் ஒகுமு மட்டும் தங்கிப் பேச்சைத் தொடர்ந்தார். ஏப்ரல் 19-இல், தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இன்காதா உள்ளே வந்தது.

வாக்குச்சீட்டு அதற்குள் அச்சாகிவிட்டது. என்ன செய்தார்கள்? இன்காதாவின் பெயர், சின்னம், புத்தலேசியின் படம் கொண்ட ஒட்டுச்சீட்டுகளை அவசரமாக அடித்து, ஒவ்வொரு வாக்குச்சீட்டின் அடியிலும் ஒட்டினார்கள். சில சாவடிகளுக்கு ஒட்டுச்சீட்டு போய்ச் சேராமல் ரகளையும் ஆனது. ஆனாலும் இன்காதா 10.5 சதவீதம் வாங்கி 43 இடங்களோடு நாடாளுமன்றத்துக்குள் உட்கார்ந்தது. கடைசி நிமிடத்தில் வருகிறவனுக்கு இடம் இல்லை என்று கதவைச் சாத்தாதீர்கள் என்பதற்கு வகுப்பில் காட்ட இதைவிட நல்ல பொருள் இல்லை. அந்தச் சீட்டின் படத்தையே காட்டுங்கள்.

தூண்டில் முள் கதை யாராவது சொல்லப் போகிறார்கள் என்று தெரியும் (மேயரின் விரலில் குத்திய முள்ளை ராமபோசா இடுக்கியால் பிடுங்கியது). அழகான கதைதான். அதைக் காரணமாக எழுதிவிடாதீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய்

அருமை. 70-ஆ 75-ஆ என்ற சண்டை கடைசியில் எங்கே போனது?

கிழக்குக்கரை

சதவீதத்தில் ஏ.என்.சி. முதலில் கேட்ட மூன்றில் இரண்டே நின்றது. அதை மறு தரப்பு விழுங்கும்படி செய்தது வேறு ஏற்பாடு. இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் கட்சிகள் பேசி முடித்த இடைக்கால அரசியல் சட்டம், தேர்தலுக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட அவை இறுதிச் சட்டத்தை எழுதும். ஆனால் அந்த அவை மீற முடியாத 34 கோட்பாடுகளை முன்கூட்டியே பூட்டி வைத்தார்கள். பூட்டுக்குக் காவல் புதிய அரசியல் சட்ட நீதிமன்றம். தோற்கப்போகிறவனுக்கு அடிப்படை விஷயங்களில் காப்பு இருந்தால் அவன் சதவீதத்துக்காக உயிரை விடமாட்டான்.

காவல் வெறும் பேச்சு இல்லை. 1996 மே 8-இல் அவை நிறைவேற்றிய சட்டத்தை, செப்டம்பரில் நீதிமன்றம் சான்றளிக்க மறுத்துத் திருப்பி அனுப்பியது. உங்கள் வகுப்புக்கு இது பிடிக்கும்: திருப்பியதற்கான காரணங்களில் உள்ளாட்சி பற்றிய அத்தியாயம் போதாது என்பதும் ஒன்று. திருத்திக் கொடுத்ததும் டிசம்பர் 4-இல் சான்று கிடைத்தது.

இன்னொரு கருவி, காலாவதி விதி. 1992-இல் இதை முன்வைத்தவர் ஏ.என்.சி.யின் கூட்டாளியான கம்யூனிஸ்ட் கட்சியின் ஜோ ஸ்லோவோ. வெள்ளையர் பக்கம் இதைக் கேட்டிருந்தால் சூழ்ச்சி என்று தள்ளியிருப்பார்கள். தங்கள் ஆளே சொன்னதால் உள்ளுக்குள் திட்டிக்கொண்டாவது விவாதித்தார்கள். பழைய அரசு ஊழியர்களுக்கு வேலைப் பாதுகாப்பு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் கூட்டு ஆட்சி. விட்டுக்கொடுப்பதற்கு முடிவுத் தேதி இருந்தால் சொந்த ஆட்களிடம் விளக்க முடியும். கணக்கும் துல்லியம்: 400-இல் 20 இடம் பெற்றால் அமைச்சரவையில் பங்கு, 80 பெற்றால் துணை அதிபர் பதவி. அதுவரை ஆண்ட தேசியக் கட்சிக்கு 82 வந்தது, டி கிளெர்க் துணை அதிபர் ஆனார். 1996-இலேயே அந்தக் கட்சி வெளியேறிவிட்டது, ஆட்சி கவிழவில்லை.

குறையும் உண்டு. காலாவதி விதி பதவிக்காரர்களின் பயத்தைத் தீர்த்தது. நிலமும் சொத்தும் யார் கையில் இருந்தன என்ற கேள்வியை அப்படியே விட்டது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

2014-இல் ராமபோசாவை இலங்கைக்கான சிறப்புத் தூதராக நியமித்தார்கள், கொழும்புக்கும் போய் வந்தார். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நகரவில்லை. 1990-இல் பிரிட்டோரியாவின் வெள்ளையர் அரசுக்கு வெல்ல முடியாது என்று தெரிந்திருந்தது. 2009-க்குப் பிறகு கொழும்புக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லை. இழுபறி இல்லாத இடத்தில் இந்தக் கருவிகளை எடுக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

நாலுமுக்கு

உள்ளாட்சி என்பதால் ஒன்று சேர்க்கிறேன். உச்சியில் இவ்வளவு நடந்ததற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருந்தது: 1991 செப்டம்பர் 14-இல் கையெழுத்தான தேசிய அமைதி உடன்படிக்கை. அதன்படி ஊர் ஊருக்கு அமைதிக் குழு. கட்சிகள், தொழிற்சங்கம், வணிகர்கள், தேவாலயம், போலீஸ் எல்லாரும் ஒரே மேசையில். பேசியது தேச எதிர்காலம் இல்லை. சனிக்கிழமை ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும், எத்தனை மணிக்குக் கலையும், போலீஸ் எவ்வளவு தள்ளி நிற்கும், தகராறு என்றால் யார் யாருக்கு போன் செய்வது.

எங்கும் பலித்தது என்று சொல்ல முடியாது. மீறியவர்களைத் தண்டிக்க அந்தக் குழுக்களுக்கு அதிகாரம் இல்லை, நேட்டாலிலும் ஜோஹானஸ்பர்க்கின் கிழக்கு ராண்டிலும் ரத்தம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் 1993 ஏப்ரல் 10-இல் விடுதலைப் போராட்டத் தலைவர் கிறிஸ் ஹானி சுட்டுக் கொல்லப்பட்டு நாடே பற்றி எரியப் போகிறது என்றிருந்த நாட்களில், எதிர்த் தரப்பு ஆளின் போன் நம்பர் ஏற்கெனவே கையில் இருந்த ஊர்கள் பல இருந்தன. வகுப்பில் பயிற்சி கொடுப்பதானால் ஊர்வலப் பாதைப் பேச்சையே கொடுங்கள். ஒரு தெருப்படம், இரண்டு தரப்பு, நடுவில் ஒரு இன்ஸ்பெக்டர், 40 நிமிடம். முதல் பத்து நிமிடம் பழைய கதையைத்தான் கிளறுவார்கள், குறுக்கிடாமல் விடுங்கள்.