ஐரோப்பிய ஆய்வு மையங்கள் குறித்து ஓர் ஐயம்

கேள்வி:
அரசியல் அறிவியலில் முதுகலை முடிக்கவிருக்கும் என் மகள், ஐரோப்பிய ஒன்றியம் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறாள். இதற்கென உள்ள பல்கலைக்கழக மையங்களில் என்னதான் செய்கிறார்கள்? குமரி மாவட்ட மீனவ ஊரான தூத்தூர்க் கரையில் பிறந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

பதில் 1:
இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரருகே, ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தில் இயங்கும் ராபர்ட் ஷூமன் மையம் ஐரோப்பிய நாடுகளின் ஒருங்கிணைப்பு, புலம்பெயர்வு, ஆட்சிமுறை ஆகியவற்றை ஆராய்கிறது. நம் நாட்டில் மணிப்பாலிலும் ஒரு மையம் உண்டு.

பதில் 2:
எதற்கா, அக்கா? தேங்காய்ப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் கணவாய் மீன் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுமானால், 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 1005/2008 எண் ஒழுங்குமுறைப்படி, எந்தப் படகு எங்கே பிடித்தது என்பதற்குச் சான்று வேண்டும். பதிவெண்ணில் ஓர் இலக்கம் பிசகியதால் என் அண்ணனின் சரக்கு இரண்டு நாள் முடங்கியது.

கேட்டவர்:
அந்தச் சான்றையே ஆய்வுப் பொருளாக எடுக்கச் சொல்கிறேன். சின்னத்துறையில் அவள் மாமாவிடமே விசைப்படகு இருக்கிறது.