இரண்டாம் வகுப்பு ஸ்கர்ட் இன்னும் சரியாக இருக்கிறது

குழு: வண்ணாரப்பேட்டை வீடு
வெள்ளி, இரவு 8.40

தங்கை: அக்கா, பாப்பாவுக்கு யூனிஃபார்ம் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் வகுப்பில் தைத்த ஸ்கர்ட். வளர்கிற பிள்ளை என்று டெய்லர் அடியில் நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்திருந்தார். இப்போது நாலாம் வகுப்பு போகிறாள், அந்த மடிப்பை இன்னும் பிரிக்கவே இல்லை. இடுப்பு மட்டும்தான் இறுக்குகிறது.

அத்தை: செலவு மிச்சம், விடு கண்ணு. நம் வீட்டில் யார் உயரம்? உங்கள் ஆயா நாலே முக்கால் அடிதான்.

சித்தப்பா: [வீடியோ] 21 நாளில் 3 அங்குலம் வளரலாமாம். பாலில் கலந்து குடிக்கும் பவுடர். வாங்கிக் கொடுத்துப் பாரேன்.

அத்தை: பெண் பிள்ளைதானே. கொஞ்சம் குட்டையாக இருந்தால் என்ன?

நான்: சித்தப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பவுடர் வேண்டாம். என் பெரியவனுக்கு நானும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருடம் குடித்தான். எடைதான் ஏறியது.

நான்: தங்கச்சி, இடுப்பு இறுக்குகிறது, உயரம் மட்டும் ஏறவில்லை என்கிறாயே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. சாப்பாடு போதாத பிள்ளைக்கு முதலில் எடைதான் குறையும். எடை ஏறி உயரம் நின்றால் ஹார்மோனைப் பார்க்கச் சொல்வார்கள். தைராய்டாகவும் இருக்கலாம், வளர்ச்சி ஹார்மோனாகவும் இருக்கலாம்.

தங்கை: அவள் வகுப்பிலேயே முதல் வரிசையில் நிற்பாள். ஆனால் படிப்பு, விளையாட்டு எதிலும் குறை இல்லையே அக்கா?

நான்: பெரியவனும் அப்படித்தான். அவனுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவு. கை, கால், தலை எல்லாம் அளவாக இருக்கும், முகம் மட்டும் இரண்டு மூன்று வயது குறைவாகக் காட்டும், வயிறு கொஞ்சம் உப்பலாக இருக்கும். அறிவுக்கு ஒரு குறையும் வராது. அதனால்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. நாங்கள் முதலில் போன கிளினிக்கில் "பொறுங்கள், வளருவான்" என்றார்கள். அப்படியே இரண்டு வருடம் போய்விட்டது. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் தூக்கம் வராது.

மாமா: நம் வம்சம் குட்டை என்பதும் உண்மைதானே அம்மா?

நான்: அதற்கும் கணக்கு இருக்கிறது மாமா. அப்பா உயரம், அம்மா உயரம் இரண்டையும் கூட்டி, பெண் என்றால் 13 கழித்து, ஆண் என்றால் 13 கூட்டி, பாதியாக்க வேண்டும், எல்லாம் சென்டிமீட்டரில். தங்கச்சி 152, மாப்பிள்ளை 166. பாப்பாவுக்கு 152.5 வருகிறது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் குட்டையான வம்சத்துப் பிள்ளையும் வருடா வருடம் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். நாலு வயதுக்கு மேல், வயசுக்கு வரும்வரை, வருடத்துக்கு 5 செ.மீ. போல ஏற வேண்டும். எவ்வளவு குட்டை என்பதைவிட எவ்வளவு ஏறினாள் என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.

நான்: அத்தை, பெண் பிள்ளைதானே என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லித்தான் பெண் குழந்தைகளைத் தாமதமாகக் கூட்டிப்போகிறார்கள். டர்னர் என்று பெண்களுக்கு மட்டும் வரும் குரோமோசோம் குறை ஒன்று உண்டு, அதிலும் உயரம் நிற்கும். காரணம் தெரியாமல் குட்டையாக இருக்கும் பெண் பிள்ளைக்கு அதையும் பார்ப்பார்கள்.

அத்தை: எனக்குத் தெரியாது கண்ணு. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தங்கை: ரத்தம் எடுத்தால் உடனே தெரிந்துவிடுமா?

நான்: ஒரே தடவையில் தெரியாது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி இருக்கிறதே, அதுதான் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது, அதுவும் விட்டு விட்டு, பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் சும்மா பார்த்தால் எல்லோருக்குமே குறைவாகத்தான் இருக்கும். முதலில் தைராய்டு, ஐ.ஜி.எஃப்.-1 (வளர்ச்சி ஹார்மோன் போதுமா என்று கோடிகாட்டும் ரத்த டெஸ்ட்), இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே என்று பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பின் வயது தெரியும். பெரியவனுக்கு அப்போது எட்டு வயது, எலும்புக்கு ஐந்தரைதான்.

நான்: அப்புறம்தான் மருந்து கொடுத்து ஹார்மோனைத் தூண்டிப் பார்க்கும் டெஸ்ட். வெறும் வயிற்றில் கூட்டிப்போனேன். கையில் ரத்தம் எடுக்க வென்ஃப்ளான் என்கிற சின்னக் குழாய் போட்டு, குளோனிடின் மாத்திரை கொடுத்து, அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். அந்த மாத்திரைக்குப் பிரஷர் இறங்கும், தூக்கம் வரும். என் மடியிலேயே தூங்கிவிட்டான். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் வந்து கையைத் தொடும்போது கண்ணைத் திறந்து "முடிந்ததா அம்மா" என்பான். டிபன் பாக்ஸில் இட்லி கொண்டுபோயிருந்தேன், முடிந்ததும் ஆறு இட்லி சாப்பிட்டான். இன்னொரு நாள் வேறு மருந்து கொடுத்து மறுபடியும் செய்தார்கள். ஒரு டெஸ்டை மட்டும் வைத்து முடிவு கட்டமாட்டார்கள். கடைசியில் தலைக்கு எம்.ஆர்.ஐ.

மாமா: மெஸ்ஸிக்கும் இதுதானே? எங்கள் வியாசர்பாடி கிரவுண்டில் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டார், பார்சிலோனா கிளப்தான் செலவை ஏற்றது.

நான்: அதே குறைதான் மாமா. பெரியவன் ஊசிக்கு அழுத முதல் வாரம் அதைச் சொல்லித்தான் தேற்றினேன். 2022 உலகக் கோப்பையைத் தூக்கியபோது டிவி முன்னால் தன் தொடையைக் காட்டி "எனக்கும்" என்றான்.

தங்கை: தினமும் ஊசியா?

நான்: தினமும் ராத்திரி, படுப்பதற்கு முன். பேனா மாதிரி இருக்கும். அளவைத் திருகி வைத்து, தோலுக்கு அடியில் குத்தி, பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். இன்றைக்கு வலது தொடை என்றால் நாளைக்கு இடது. வாரம் ஒரு தடவை போடுவதும் இப்போது வந்திருக்கிறது. எடையைப் பார்த்து அளவு சொல்வார்கள், மாதம் ஆயிரக்கணக்கில் செலவாகும், மறைக்கமாட்டேன். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், உறைந்தால் கெட்டுப்போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நம் பக்கம் கரண்ட் போனதே, அன்றைக்குப் பேனாவைத் துண்டில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் ஃபிளாஸ்கில் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் என் வீட்டுக்காரர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார். டாக்டரிடம் போனில் கேட்ட பிறகுதான் போட்டோம்.

நான்: வருடம் மூன்றரை ஏறிக்கொண்டிருந்தவன் முதல் வருடம் 9 செ.மீ. ஏறினான். ஆனால் எலும்பு முனைகளில் வளரும் பகுதி மூடிவிட்டால் எந்த ஊசியும் உயரம் தராது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மாமா: ஒன்று கேட்கிறேன். எனக்குப் பிட்யூட்டரியில் கட்டி எடுத்தார்களே, தைராய்டு மாத்திரையும் ஸ்டீராய்டும் போடுகிறேன். ஆனாலும் அசதி, வயிறு போடுகிறது, பந்தைத் தொட்டால் மூச்சு வாங்குகிறது. பெரியவர்களுக்கும் இந்தக் குறை வருமா?

நான்: வரும் மாமா. கட்டி, ஆபரேஷன், தலைக்குக் கதிர்வீச்சு, தலையில் பலமான அடி எதற்குப் பிறகும் வரலாம். தசை குறையும், எலும்பு பலம் குறையும், கொலஸ்ட்ரால் ஏறும். ஊசி போட்டாலும் உயரத்துக்கு இல்லை, அளவும் குறைவு. கட்டி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடவே கூடாது. உங்கள் ஹார்மோன் டாக்டரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ஜிம்மில் யாராவது தருகிறேன் என்றால் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

சனி, காலை 7.05

தங்கை: நீ சொன்னபடி ரிப்பனை அவிழ்த்து, செருப்பில்லாமல், குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, தலைமேல் அட்லஸ் புத்தகம் வைத்துக் கோடு போட்டேன். 113. போன ஜூன் ரிப்போர்ட் கார்டில் 110.

நான்: மூன்றுதான். சரி, திங்கள் போவோம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் காட்டிவிட்டு அவர்கள் சொல்கிற இடத்துக்குப் போகலாம். பிறந்தபோது எடை எழுதிய அட்டை, தடுப்பூசி அட்டை, பழைய ரிப்போர்ட் கார்டு எல்லாம் எடுத்துக்கொள். ஏழு மணிக்கு உன் தெரு முனையில் நிற்கிறேன்.

தங்கை: ஊசி போடுவார்களா என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லிவிடட்டுமா?

நான்: பொய் சொல்லாதே. ரத்தம் எடுப்பார்கள், பெரியம்மா மகன் கூட வருகிறான், பத்து எண்ணக் கற்றுக்கொடுப்பான் என்று சொல்.