டம்மி லோடுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

குறைதிறன் வானொலிச் சொற்பட்டியலில் அலையியற்றி, வடிகட்டி, படிகம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. டம்மி லோடில் வந்து நிற்கிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள் போலிச் சுமை, பொம்மைச் சுமை, செயற்கைச் சுமை.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்மிட்டரின் வெளிவாயில் ஏரியலுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் தடை இது. வந்து சேரும் ஆற்றல் அதிலேயே சூடாகித் தீர்ந்துவிடும். 5 வாட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கு இதன் தேவை அதிகம். 7 மெகாஹெர்ட்ஸில் படிகமும் இரண்டு டிரான்சிஸ்டரும் வைத்துக் கட்டிய செட்டை நேராக ஏரியலில் மாட்டிச் சரிபார்த்தால் 7.030-இல் பேசிக்கொண்டிருப்பவர் தலையில் போய் விழும். அளவும் நம்பும்படி இருக்காது. ஏரியல் 50 ஓமாக நடந்துகொள்கிறதா என்பதே தெரியாதபோது, திறன் குறைந்தால் குற்றம் வடிகட்டியிலா, கடைநிலை டிரான்சிஸ்டரிலா, கம்பியிலா என்று எப்படிச் சொல்வது? எதையுமே மாட்டாமல் மோர்ஸ் விசையை அழுத்துவது இன்னும் மோசம். 12 வோல்ட் சப்ளையில் கடைநிலை டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனை சாதாரணமாகவே 24 வோல்ட் வரை ஏறி இறங்கும். சுமை இல்லையென்றால் 40-ஐத் தாண்டலாம். 2என்2222ஏ டிரான்சிஸ்டரின் எல்லையே 40தான்.

'போலி' எனக்கு ஒப்பவில்லை. போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று பழகிய காதுக்கு அது ஏமாற்று வேலையாகவே கேட்கும். 'பொம்மை' அதைவிட மோசம். உங்கள் கருத்து வேண்டும்.

— கோவையிலிருந்து

*

> உங்கள் கருத்து வேண்டும்.

ஐயா, பேசாமல் 'டம்மி லோடு' என்றே வைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் தமிழில் டம்மி என்றால் ஒன்றுக்கும் உதவாதது, 'டம்மி பீஸ்'. இதுவோ பெஞ்சில் இருப்பதிலேயே நேர்மையான பாகம். என் பரிந்துரை: சோதனைச் சுமை. யாருக்கும் விளக்க வேண்டாம்.

சொல் எதுவானாலும் செய்முறையும் பட்டியலோடு போகட்டும். 1 கிலோ ஓம், அரை வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் 20. இணையாக இணைத்தால் சரியாக 50 ஓம், 10 வாட். சென்னை ரிச்சி தெருவில் எந்த மின்னணுக் கடையிலும் கிடைக்கும். நான்கு சென்டிமீட்டர் சதுரமாகச் செப்புத்தகட்டுப் பலகை இரண்டு வெட்டி, இரண்டிலும் ஒரே மாதிரி 20 துளை போட்டு, ரெசிஸ்டர்களை நடுவில் தூண்கள் போல நிறுத்திப் பற்றவைக்க வேண்டும். கால்களை ஒட்ட வெட்டுங்கள். ஒரு பலகை, கம்பி மாட்டும் பிஎன்சி சாக்கெட்டின் நடுமுனைக்கு, மற்றது அதன் உடலுக்கு. ரெசிஸ்டர்களுக்கிடையே காற்றுப் போக இடம் விடுங்கள். நெருக்கி அடுக்கினால் ஒன்றையொன்று சுட்டு, 10 வாட் என்பது பேச்சளவில்தான் இருக்கும். 5 வாட்டில் அரை நிமிடத்துக்கு மேல் விசையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

மல்டிமீட்டரில் அளக்கும்போது இரண்டு முனைக்கம்பியையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள். 50 இருக்க வேண்டிய இடத்தில் 52.6 வந்தால் ஒரு ரெசிஸ்டர் போய்விட்டது, 55.6 என்றால் இரண்டு. பற்றவைப்பு விட்டிருந்தாலும் இதே எண்கள்தான் வரும்.

வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டரை யாரும் வாங்கிவிடாதீர்கள். 47 ஓம் 10 வாட் மலிவாகக் கிடைக்கும், மீட்டரும் 47 என்றே காட்டும். உள்ளே இருப்பது கம்பிச்சுருள். அதன் தூண்டம் (இண்டக்டன்ஸ்) 1 மைக்ரோ ஹென்றி இருந்தாலே 7 மெகாஹெர்ட்ஸில் 44 ஓம் எதிர்வினைப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்குச் சுருள் தரும் தடுப்பு, கூடிவிடும். வடிகட்டி சரியாகவே இருந்தாலும் திறன் தாறுமாறாகக் காட்டும். பிறகு வடிகட்டியைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

— சென்னையிலிருந்து

*

> என் பரிந்துரை: சோதனைச் சுமை.

வணக்கம். இந்தச் சொல்லில் எனக்கு ஒரு மறுப்பு. மின்வழங்கியைச் சோதிக்கவும் சுமை மாட்டுகிறோம், ஒலிபெருக்கியின் (ஆம்ப்ளிஃபயரின்) வெளியீட்டைச் சோதிக்க 8 ஓம் தடையி மாட்டுகிறோம். அவையும் சோதனைச் சுமைகள்தானே? சிமென்ட் தடையி அங்கே தாராளமாகப் பயன்படும். இங்கே பயன்படாது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த வேறுபாடு பெயரில் தெரிய வேண்டும்.

பழைய பிரித்தானிய நூல்களில் இதற்கு வழங்கியது செயற்கை ஏரியல் என்ற பொருளுள்ள பெயர்தான். சுமை என்பதையே விட்டு அந்த வழியில் போகலாமா?

இன்னொன்று. இங்கே பலரும் முதலில் மாட்டுவது மின்குமிழைத்தான். 12 வோல்ட் 3 வாட் வாகன மின்குமிழ் முழு ஒளியில் 48 ஓம், கணக்குச் சரி. ஆனால் இழை குளிர்ந்திருக்கும்போது தடை அதில் பத்தில் ஒரு பங்குதான். அரை வாட் செலுத்தியை (டிரான்ஸ்மிட்டரை) மாட்டினால் இழை அரைகுறையாகச் சிவந்து, 50 ஓமுக்கு வெகு கீழே நிற்கும். திறன் வருகிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க அது போதும், அளக்கப் போதாது. இதையும் அதே பெயரில் அழைப்பதா?

— யாழ்ப்பாணத்திலிருந்து

*

செயற்கை ஏரியல் வேண்டாம் என்பேன். ஏரியல் என்றாலே அலையை வீசுவது, அல்லது வாங்குவது. இது இரண்டும் செய்யக்கூடாத பொருள். சுமை இருக்கட்டும். மின்வாரியத்து ரசீதிலிருந்து மோட்டார் மெக்கானிக் வரை லோடுக்கு அந்தச் சொல் பொருந்துகிறது.

இது மற்றச் சுமைகளிலிருந்து வேறுபடுவது எதில்? அலையைக் கதிர்வீசாமல் இருப்பதில். அதைச் சொல்லத் தமிழில் கைக்கெட்டும் வழி இருக்கிறது. ஓடாக் குதிரை, வாடா மலர் என்கிறோமே, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அந்த அச்சில் 'வீசாச் சுமை'. ஐந்தே எழுத்து, பெட்டியின் மேல் எழுதவும் எளிது.

மின்குமிழும் இதில் அடங்கும், தரம் குறைந்த வீசாச் சுமையாக.

— மதுரையிலிருந்து

*

> 'வீசாச் சுமை'

இலக்கணம் பிடித்திருக்கிறது ஐயா. ஆனால் எங்கள் பக்கம் வீசா என்றால் வெளிநாடு போக எடுக்கிற அனுமதி. 'வீசாச் சுமை' என்று எழுதினால் தூதரக வாசலில் நிற்கிறவரின் கவலை என்றுதான் படிப்பார்கள்.

அதே அச்சில் வேறு வினையைப் போடலாமே: பரப்பாச் சுமை?

— யாழ்ப்பாணத்திலிருந்து

*

ஒரு மறுப்பு எழும் என்று எதிர்பார்க்கிறேன். பரப்புவது ஆகாசவாணியின் வேலை, அமெச்சூர் செய்வது ஒலிபரப்பு அல்ல, உரிமமும் அதற்கு இடம் தராது. டிரான்ஸ்மிட்டரையும் பலர் செலுத்தி என்கிறோம். அப்படியானால் 'செலுத்தாச் சுமை' என்று வைக்கலாமே என்பார்கள். வைக்க முடியாது. செலுத்தி இதற்குள் திறனைச் செலுத்தத்தான் செய்கிறது. செலுத்திய திறன் அலையாகப் பரவவில்லை, அவ்வளவே. ஆகவே 'பரப்பா' சரி.

— மதுரையிலிருந்து

*

ஒப்புக்கொள்கிறேன், சோதனைச் சுமையை எடுத்துவிடுங்கள். ஆனால் 'பரப்பா' என்பது முழு உண்மை இல்லை என்று ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும். மூடாத பலகையில் கட்டிய சுமை பக்கத்து அறை ரிசீவரில் நன்றாகவே கேட்கும். பாதி கசிவு சுமையிலிருந்தே வருவதில்லை. அலையியற்றிச் சுருளிலிருந்தும் சப்ளைக் கம்பியிலிருந்தும் வருகிறது. சுமையைத் தகர டப்பாவில் அடைத்து, இணைக்கும் கோஆக்ஸ் கம்பியை ஒரு சாணுக்குள் வைத்துக்கொண்டால் பெரும்பகுதி அடங்கும். தெருமுனைவரை கேட்கிறது என்றால் சாக்கெட்டின் உடல்பக்கப் பற்றவைப்பைப் பாருங்கள்.

திறனளவும் இதே டப்பாவுக்குள் அடங்கிவிடும். 50 ஓமின் சூடான முனையில், அதாவது சாக்கெட்டின் நடுமுனைப் பக்கம், 1என்4148 டையோடு, அதன் கோடு போட்ட முனையிலிருந்து தரைக்கு 103 என்று எழுதிய டிஸ்க் கெபாசிட்டர், அதாவது 10 நானோ ஃபாரட். கெபாசிட்டரின் குறுக்கே டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். வருவதோடு டையோடு இழப்பைக் கூட்டி, இருமடியாக்கி, 100-ஆல் வகுத்தால் வாட். இழப்பை 0.6 என்றே எல்லோரும் போடுவார்கள். உள்தடை 10 மெகா ஓம் உள்ள மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது, அதனால் 0.4 இன்னும் பொருத்தம். மீட்டர் 10 வோல்ட் காட்டினால் 10.4 இருமடி 108, ஆக 1.08 வாட். 0.6 போட்டவருக்கு 1.12 வரும், சண்டை போடும் அளவுக்கு வித்தியாசமில்லை. 100 மில்லிவாட்டுக்குக் கீழே போனால்தான் டையோடு இழப்பு கணக்கை விழுங்கும். அங்கே இந்த முறையை நம்ப வேண்டாம்.

மேல் எல்லையும் உண்டு. டையோடின் பின்னோக்கு வோல்ட் அலை உச்சத்தைப்போல் இருமடங்கு. 5 வாட்டில் உச்சம் 22.4, டையோடுக்கு 45 வோல்ட், கவலையில்லை. 12 வாட்டில் அது 70-ஐ நெருங்கும். 1என்4148-க்கு 75 வோல்ட் என்றே கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

வடிகட்டிக்கு முன்னால் இதை மாட்டி அளப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே அலை சைன் வடிவில் இல்லை. டையோடு உச்சத்தை மட்டும் பிடிக்கும், சூத்திரமோ சைன் அலைக்கானது. ஹார்மோனிக்குகளால், அதாவது அடிப்படை அலையின் மடங்கு அலைகளால், உச்சம் கூடியோ குறைந்தோ நிற்கும், வருகிற எண்ணுக்குப் பொருளே இல்லை. 40 மீட்டருக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு, 270, 680, 680, 270 பிகோ ஃபாரட் கெபாசிட்டர்களும், டி37-6 என்ற மஞ்சள் இரும்புத்தூள் வளையத்தில் 21, 24, 21 சுற்றுகளும் கொண்ட வடிகட்டி போதும். அதற்குப் பின்னால் அளக்கவும்.

— சென்னையிலிருந்து

*

எல்லோருக்கும் நன்றி. பட்டியலில் இப்படி ஏற்றியிருக்கிறேன்:

பரப்பாச் சுமை: செலுத்தியின் வெளிவாயில் அலைக்கம்பிக்குப் பதிலாக இணைக்கும், தூண்டமற்ற, பெரும்பாலும் 50 ஓம் தடை. திறனை வெப்பமாக்கும். பேச்சில் டம்மி லோடு.

'தூண்டமற்ற' என்பதைச் சேர்த்தது சிமென்ட் ரெசிஸ்டருக்காக. மின்குமிழை வரையறையில் சேர்க்கவில்லை, தடை நிலையாக இல்லாததால். குறிப்பில் 'விளக்குச் சுமை' என்று தனியாக வருகிறது. மதுரை ஐயாவுக்கு இதில் மறுப்பு இருந்தால் எழுதலாம்.

கையேட்டுப் படங்களில் இடம் பற்றாத இடத்தில் வெறும் 'சுமை' போதுமா, 'ப.சு.' என்று சுருக்கலாமா? எனக்குச் 'சுமை 50' என்று எழுதுவது பிடித்திருக்கிறது. டப்பாவின் மேல் வாட் எண்ணோடு எத்தனை விநாடி தாங்கும் என்பதையும் எழுதச் சொல்லலாம் என்றிருக்கிறேன். '5 வாட், 30 விநாடி' என்று இருந்தால் இரவல் வாங்கிப் போகிறவரும் எரிக்காமல் திருப்பித் தருவார்.

அடுத்த சொல் அட்டென்யூவேட்டர். 'ஒடுக்கி' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. தனி இழையில் தொடங்குகிறேன்.

— கோவையிலிருந்து