கமடோர் 64: கருப்புத் திரை, ஒரு சிப் மட்டும் சுடுகிறது

கேள்வி: பரணில் கிடந்த கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியை இறக்கினேன். சிவப்பு விளக்கு எரிகிறது, திரையோ கன்னங்கரேலென்று இருக்கிறது. 5 வோல்ட் சரியாக வருகிறது. எட்டு 4164 மெமரி சிப்புகளில் ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாத சூடு. அதுதானா?

பதில் 1: பெரும்பாலும் அதுதான். பைட்டின் எட்டு பிட்டையும் இந்த எட்டு சிப்புகள் ஆளுக்கொன்றாக வைத்திருக்கின்றன. ஒன்று போனாலும் மொத்தமும் படுத்துவிடும். நல்ல 4164 ஒன்றை அதன் முதுகில் கால்கள் ஒட்டும்படி ஏற்றிப் பாருங்கள். பவரை அணைத்துவிட்டு!

பதில் 2: இந்த உப்புமூட்டை எப்போதும் பலிக்காது. உள்ளே ஷார்ட் என்றால் பழையது மல்லுக்கட்டும். எந்த நேரத்தில் எந்த சிப் பேச வேண்டும் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சிப் போனாலும் இதே கருப்புத் திரைதான்.

கேட்டவர்: ஏற்றியும் பலனில்லை. கால்களை வெட்டி, ஒவ்வொன்றாக உருவி, சாக்கெட் வைத்தேன். பலகையில் ஒரு செப்புத் தடம் பிய்ந்தது, அதற்குப் பதில் கம்பி போட்டேன். புது சிப்போடு நீலத் திரை, 38911 பைட் காலி என்ற வரி! கத்தியேவிட்டேன்.