720 சதுர அடித் தளத்துக்கு 100 மூட்டை சிமெண்டா?

காங்கயம் தோட்டத்துக்காரி:
வணக்கம். தோட்டத்தில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்டுகிறோம். ஆனி முடிவதற்குள் மேல்தளக் கான்கிரீட் போட்டாக வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் அப்பா ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடமாட்டார். தளம் 30 அடிக்கு 24 அடி, கனம் 5 அங்குலம். பீம் இல்லை, 9 அங்குலச் சுவர்களின்மேல் உட்காருகிறது. மேஸ்திரி கொடுத்த சீட்டு: சிமெண்ட் 100 மூட்டை, கம்பி 1 டன், எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்) 2 யூனிட், முக்கால் அங்குல ஜல்லி 3 யூனிட். கடையில் சொன்ன விலை: சிமெண்ட் 350, கம்பி கிலோ 62, எம்-சாண்ட் யூனிட் 6,000, ஜல்லி 4,500 ரூபாய். எனக்குக் கணக்கு வரும், கட்டட வேலை தெரியாது. இந்தச் சீட்டை நம்பலாமா?

கோபி பழைய ஓவர்சியர்:
கணக்கு வந்தால் போதும் அம்மணி. சீட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கன அடியிலிருந்து தொடங்குங்கள். 720 சதுர அடி, 5 அங்குலம் என்றால் 300 கன அடி. வீட்டுத் தளத்துக்குப் போடும் எம்20 என்ற தரத்துக்குக் கலவை, சிமெண்ட் : மணல் : ஜல்லி 1 : 1½ : 3. போட்டு முடித்த கான்கிரீட் 100 கன அடி வேண்டுமானால் உலர்ந்த சரக்கு 154 கன அடி வேண்டும், ஏனென்றால் ஜல்லியின் சந்தில் மணலும் மணலின் சந்தில் சிமெண்டும் புகுந்துகொள்ளும். ஆகவே 100 கன அடிக்கு 23 மூட்டை, மணல் 42, ஜல்லி 84 கன அடி. உங்களுக்கு இதைப்போல் மூன்று பங்கு: 69 மூட்டை, மணல் 126, ஜல்லி 252. யூனிட் என்பது 100 கன அடி. கான்கிரீட்டை அடியில் தாங்கும் சென்ட்ரிங் பலகை தாழ்ந்தால் கனம் கூடும். அரை அங்குலம் கூடினாலே 7 மூட்டை போய்விடும். பலகையைச் சரியாக நிறுத்தச் சொல்லிவிட்டு, சேதாரத்துக்கு 4 சேர்த்து 73 மூட்டை, எம்-சாண்ட் ஒன்றரை யூனிட், ஜல்லி 3 யூனிட் வாங்குங்கள். டிப்பர் வந்ததும் தொட்டியின் நீள அகல உயரத்தை நீங்களே டேப் பிடித்து அளங்கள். கூம்பாகக் குவித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கம்பிதான் எனக்கு உறுத்துகிறது. என்ஜினியரின் வரைபடத்தில் 10 மி.மீ. கம்பி 6 அங்குல இடைவெளியிலும், குறுக்கே 8 மி.மீ. கம்பி 8 அங்குல இடைவெளியிலும் இருந்தால் சதுர மீட்டருக்கு 6 கிலோவுக்குச் சற்று மேல். 67 சதுர மீட்டருக்கு 410 கிலோ. கம்பியோடு கம்பி ஒட்டுப்போடும் நீளமும், சுவர்மேல் வரும் மேல்கம்பியும் சேர்த்து 500. மில்லிமீட்டர் விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளமுள்ள 10 மி.மீ. கம்பி 7.4 கிலோ இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன விலைக்குப் பொருள் மட்டும் 79,000 ரூபாய். மேஸ்திரி சீட்டுப்படி 1,22,500. சென்ட்ரிங்கும் கூலியும் தனி. உடனே சண்டைக்குப் போகாதீர்கள், சன்ஷேடு, பூச்சு எல்லாவற்றையும் இதிலேயே சேர்த்திருக்கலாம்.

பெருந்துறை ரெடிமிக்ஸ்:
300 கன அடி என்பது 8.5 கன மீட்டர். ஆலையிலேயே கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் எங்கள் லாரி 6 கன மீட்டர் ஏற்றும். இரண்டாவது லாரி பாதி காலியாக வரும், பம்புக்கும் தனி வாடகை. கலந்த 2 மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். உங்கள் இட்டேரியில் (வேலிக்கு நடுவே போகும் தோட்டத்துப் பாதையில்) லாரி நுழையாது என்றால் மிக்சர் மிஷினே போதும். எங்கள் வியாபாரத்துக்கு எதிராகவே சொல்கிறேன்!

பல்லடத்தான்:
ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேல்பரப்பு காய்ந்து, மாலைக்குள் மயிரிழை வெடிப்பு வந்துவிடும். விடியற்காலையில் தொடங்குங்கள்; மட்டம் தட்டி முடித்த இடத்தை உடனுக்குடன் பாலிதீன் தாளால் மூடுங்கள். கலக்கும்போது மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர்தான், எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். போர்வெல் தண்ணீரைச் சோதித்தீர்களா? கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் இந்தக் காற்றுக்கு 14 நாள் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வையுங்கள். லாரித் தண்ணீர் வாங்குவதென்றால் அதையும் செலவில் எழுதுங்கள்.

காங்கயம் தோட்டத்துக்காரி:
மேஸ்திரியிடம் கேட்டேன். 100 மூட்டையில் சன்ஷேடும் உள்பூச்சும் அடக்கமாம். கம்பிக்கு மட்டும், "எல்லா வீட்டுக்கும் 1 டன்தான்" என்கிறார்.

கோபி பழைய ஓவர்சியர்:
பூச்சுச் சிமெண்டைப் பூச்சு வேலை தொடங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். 3 மாதம் கிடந்தால் வீரியம் குறையும். கம்பி 500 கிலோ மட்டும் இறக்குங்கள். கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுவதற்கு முன் என்ஜினியரை வரவழைத்துக் கம்பி இடைவெளியையும், கம்பி பலகையில் படாமல் அடியில் வைக்கும் 20 மி.மீ. கவர் பிளாக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைகிறது என்று அவர் சொன்னால் வாங்கலாம், மேஸ்திரி சொல்லுக்கு வேண்டாம்.