தக்காளியும் சந்திரயானும்: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு

பாலக்கோடு பெரியப்பா, 8:04
(படம்: சாலையோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளி)
காலையில் மார்க்கெட்டுக்கு 22 கூடை கொண்டுபோனேன். கேட்ட விலைக்குப் பறிப்புக் கூலிகூடத் தேறாது. ஏழு கூடையை அங்கேயே கொட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து டிவி போட்டால், நிலவிலிருந்து மண் எடுத்துவர 2,104 கோடியாம். நம் மண்ணில் விளைந்ததை வாங்க ஆள் இல்லை, நிலவு மண் யாருக்கு வேண்டும்?

ஓசூர் மாமா, 8:07
மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது மச்சான். மற்ற கூடை எல்லாம் போனதா?

பாலக்கோடு பெரியப்பா, 8:08
வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். அதை விடுங்கள் மாப்பிள்ளை. கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். வீட்டில் ஒரு சயின்ஸ் டீச்சர் இருக்கிறாளே.

பெங்களூர் தம்பி, 8:11
பெரியப்பா, சந்திரயான்-4 செலவை 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 15 ரூபாய்தான். ஒரு டீ காசு.

பாலக்கோடு பெரியப்பா, 8:13
அப்படிப் பிரித்தால் எதுவும் சின்னதாகத்தான் தெரியும் தம்பி. என் நட்டத்தையும் 140 கோடிப் பேருக்குப் பிரித்துப் பார், ஒன்றுமே இல்லை என்று வரும். ஆனால் அது முழுசாக என் தலையில்தானே விழுந்தது?

நான், 8:20
பெரியப்பா சொல்வது சரி. தலைக்கு இவ்வளவு என்கிற கணக்கை நானும் வகுப்பில் சொல்வதில்லை. மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்று பார்க்கலாம். 2023-24 மத்திய பட்ஜெட் சுமார் 45 லட்சம் கோடி. விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 12,500 கோடி. நூறு ரூபாயில் 28 பைசா. அந்த 28 பைசாவிலும் பெரும்பகுதி ராக்கெட்டுக்கும் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களுக்கும் போகிறது. நிலவு, செவ்வாய் எல்லாம் அதில் ஒரு துண்டுதான். அதே ஆண்டு நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 60,000 கோடி. சந்திரயான்-3 மொத்தச் செலவு சுமார் 615 கோடி.

பெங்களூர் தம்பி, 8:22
அதைத்தான் சொல்ல வந்தேன் அக்கா. புயல் வருவதை முன்கூட்டியே சொல்வதே இஸ்ரோ செயற்கைக்கோளால்தானே?

நான், 8:24
அதையும் இதையும் கலக்காதே தம்பி. புயலைப் பார்ப்பது பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள். அதைக் காட்டி நிலவுப் பயணத்துக்கு நியாயம் சொன்னால் பெரியப்பாவை ஏமாற்றுவது போல ஆகும். நிலவுக்குப் போவதற்கு அதற்கே உரிய காரணம் வேண்டும்.

ஊத்தங்கரை சித்தி, 8:25
ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு எத்தனை பேர் வேனில் வருகிறீர்கள்? சமையல்காரர் கேட்கிறார்.

காரிமங்கலம் அத்தை, 8:33
நான் சொல்லச் சொல்லப் பேரன் எழுதுகிறான். நானும் அண்ணனும் குடித்து வளர்ந்தது போர் தண்ணீர். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் பல்லில் பழுப்பு ஏறியது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, சிரிக்காதே, கேட்டால் தலையை மட்டும் ஆட்டு என்று அம்மா சொல்லி அனுப்பினாள். கல்யாணமாகி ஒரு வருடம் வரை முந்தானையால் வாயை மூடித்தான் பேசினேன். தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு உப்புதான் காரணம், அந்தப் பெயரே அப்போது தெரியாது. ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகு பிறந்தவன் இந்தப் பேரன், இவன் பல் வெள்ளையாக இருக்கிறது. நிலவில் தண்ணீர் இருக்கிறது என்று பேப்பரில் போட்ட நாளில் எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் இல்லை. எதை முதலில் செய்திருக்க வேண்டும்? அதை மட்டும் சொல்லு பாப்பா.

நான், 8:51
அத்தை, உடனே பதில் எழுத வரவில்லை. முந்தானை விஷயம் எனக்கு இதுவரை தெரியாது.

உங்கள் தண்ணீர்தான் முதலில் வந்திருக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

ஆனால் நிலவுதான் அதைத் தடுத்ததா என்று நானும் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி சந்திரயான்-1 கிளம்பியது. அது சுமந்துபோன ஓர் அமெரிக்கக் கருவிதான் நிலவு மண்ணில் நீரின் தடயத்தைக் கண்டது, 2009இல் அறிவித்தார்கள். அடிக்கல் போட்ட நம் குழாய்த் திட்டத்தைத் திறந்துவைத்தது 2013 மே மாதம். சந்திரயான்-1 செலவு 386 கோடி. ஒகேனக்கல் செலவு 1,928 கோடி, ஜப்பான் கடன் வாங்கிச் செய்தது. இடையில் கர்நாடகத்தோடு தகராறு நடந்தது உங்களுக்கே நினைவிருக்கும். அந்த 386 கோடியை மிச்சம் பிடித்திருந்தாலும் அது காரிமங்கலம் குழாய்க்கு வந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. இரண்டையும் செய்யப் பணம் இருந்தது. தண்ணீரை அவசரம் என்று நினைக்க ஆள் குறைவாக இருந்தார்கள்.

காரிமங்கலம் அத்தை, 8:55
அது உண்மைதான் கண்ணு.

பாலக்கோடு பெரியப்பா, 8:57
சரி, நிலவால் கெட்டது இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நல்லது என்ன? அதைச் சொல்.

நான், 9:09
விடியற்காலம் மடை திருப்பப் போகும்போது கிழக்கே விடிவெள்ளி பார்ப்பீர்களே பெரியப்பா, அது ஒரு கோள், வெள்ளி. அளவில் ஏறக்குறைய நம் பூமிதான். ஆனால் அங்கே தரையில் 460 டிகிரி சூடு, ஈயம் வைத்தால் உருகி ஓடும். சூரியனுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் புதன்கூட அவ்வளவு கொதிப்பதில்லை. காரணம் கரியமில வாயு. கம்பளி போலப் போர்த்திக்கொண்டு சூட்டை வெளியே விடாது.

ஜேம்ஸ் ஹான்சன் என்று ஓர் அமெரிக்க விஞ்ஞானி. அந்த வெள்ளியின் மேகங்களைத்தான் முதலில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்புறம் அதே கணக்கை நம் பூமியின் காற்றுக்குத் திருப்பினார். பூமி சூடாகிவருகிறது, அது மனிதர் வேலைதான் என்று 1988இல் அவர்கள் செனட் சபையில் சாட்சி சொன்னவர் அவர். மழை முன்னைப் போல இல்லை என்று நீங்கள் வருடாவருடம் சொல்கிறீர்கள். ஏன் என்று புரிந்துகொள்ள இன்னொரு கோளைப் பார்த்ததும் உதவியது. இஸ்ரோவின் வெள்ளித் திட்டத்துக்கு 2024இல் 1,236 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். அது வீண் செலவு என்று என்னால் சொல்ல முடியாது.

ஓசூர் மாமா, 9:12
இன்னொன்று மச்சான். சந்திரயான்-2 போன ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் எஞ்சினுக்கு, சேலம் ஸ்டீல் பிளாண்ட் தகடு கொடுத்திருக்கிறார்கள். சாதாரண தகடு அதற்கு ஆகாது. இவ்வளவு சுத்தமாக வேண்டும் என்று யாராவது கேட்டால்தான் செய்யக் கற்றுக்கொள்வோம். 30 வருடம் லேத்தில் நின்றவன் சொல்கிறேன்.

நான், 9:20
மாமா சேலம் என்றதும் சித்தம்பூண்டி நினைவு வந்தது. நாமக்கல் மாவட்டம். அந்த ஊர்ப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர், வெள்ளையும் சாம்பலுமாக இருக்கும். நிலவின் மேட்டு நிலமும் அதே இனம். அந்தக் கல்லை அரைத்து, பெங்களூரில் நிலவுத் தரை போலப் பரப்பி, ரோவர் என்கிற குட்டி வண்டியை ஓட்டிப் பழக்கினார்கள். அப்புறம் 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது, ரோவர் அங்கே மண்ணை அளந்தது. அந்த மண்ணில் கலந்திருந்த பொருள்களும் இந்தப் பாறை இனத்தோடு ஒத்துப்போயின. பிறந்த புதிதில் நிலவு முழுவதும் உருகிய பாறையாக இருந்தது, இலேசான கனிமம் பாலில் ஆடை படிவது போல மேலே மிதந்து உறைந்தது என்று சொல்லிவந்தார்கள். இது அதற்கு ஒரு சாட்சி.

இதனால் தக்காளி விலை ஏறாது பெரியப்பா. ஆனால் என் வகுப்பில் அந்தக் கல் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். கையில் வாங்கிப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். மலைக் கிராமத்திலிருந்து நடந்து வரும் பிள்ளைகள். நிலவு அவர்களுக்கும் சொந்தம் என்று தெரியும்போது கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார்கள். இதற்குக் கொஞ்சம் பொதுப்பணம் செலவாவது தப்பில்லை என்று நான் முழு மனதாக நம்புகிறேன்.

பாலக்கோடு பெரியப்பா, 9:31
பிள்ளைகள் விஷயம் புரிகிறது அம்மா. என் ஆத்திரம் வேறு. நிலவு என்றால் வேலை மளமளவென்று நடக்கிறது. ஒரு குளிர்பதனக் கிடங்கு சரியாக ஓட வேண்டும் என்று நாங்கள் வருடக்கணக்காகக் கேட்கிறோம், மனு எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

நான், 9:38
அந்த ஆத்திரம் நியாயம். சந்திரயான்-2இன் லேண்டர், அதாவது நிலவில் இறங்க வேண்டிய கலம், 2019 செப்டம்பரில் விழுந்து நொறுங்கியது. 978 கோடித் திட்டம். எங்கே தப்பு நடந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடி, கால்களை வலுவாக்கி, எரிபொருளைக் கூட்டி, நான்கு வருடம் முடிவதற்குள் மறுபடி போய் இறங்கினார்கள். திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் விழுப்புரத்துக்காரர், வீரமுத்துவேல், டிப்ளமோவிலிருந்து மேலே வந்தவர். தப்பு நடந்தால் யார் பதில் சொல்வது, எந்தத் தேதிக்குள் சரியாக வேண்டும் என்று அங்கே எழுதி வைத்து வேலை செய்கிறார்கள். கிடங்குக்கும் அப்படித் தேதி கேளுங்கள். நிலவை நிறுத்து என்று கேட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

பாலக்கோடு பெரியப்பா, 9:44
அப்படியென்றால் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடு. அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் முன்னால் வாசிக்கிறேன். ஒகேனக்கல் கணக்கையும் சேர்த்து எழுது.

நான், 9:45
ஞாயிற்றுக்கிழமை கையில் கொண்டுவந்து தருகிறேன் பெரியப்பா. ஏழு கூடையையும் எழுதிவிடுகிறேன்.

காரிமங்கலம் அத்தை, 9:47
அந்தக் கல்லையும் கொண்டுவா பாப்பா. பேரன் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். நானும்தான்.

ஊத்தங்கரை சித்தி, 9:50
வேனில் எத்தனை பேர் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.