டார்சியின் கடிதத்தை எலிசபெத் எரித்தாளா?

தாழம்பூ:
பக்கத்து விவாதத் திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பிரைட் அண்ட் பிரெஜுடிஸில் கடிதங்கள் கதையை நகர்த்தும் கருவி, அவ்வளவுதான். டார்சியின் கடிதத்தைக்கூட எலிசபெத் கடைசியில் எரித்துவிடுகிறாள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. தன்னை மணக்கக் கேட்ட டார்சியை எலிசபெத் மறுத்துவிட, மறுநாள் அவன் தன் பக்கத்தை விளக்கி எழுதிக் கொடுத்த கடிதம் அது. ஜேன் ஆஸ்டின் எழுதி 1813இல் வெளிவந்த நாவல், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். எரித்ததாக எங்கே இருக்கிறது?

பழையபேப்பர்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாமே. இருவரும் மனம் ஒத்துப்போன 58ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். அந்தக் கடிதத்தை அழித்திருப்பாய் என்று நம்புகிறேன், அதன் தொடக்கத்தை நீ மறுபடி படிப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்கிறான் டார்சி. எரித்துவிடுகிறேன் என்கிறாள் அவள். இன்னும் என்ன வேண்டும், சாம்பலை அள்ளிவந்து காட்டவா?

தாழம்பூ:
பாதியை விழுங்கிவிட்டீர்கள். "என் அன்பு நிலைக்க அது அவசியம் என்று நீங்கள் நினைத்தால்" எரிக்கிறேன் என்கிறாள். அவசியம் என்று டார்சி சொல்லவே இல்லை. என் மனம் அவ்வளவு லேசில் மாறாது என்றும் சேர்த்துச் சொல்கிறாள். இது எரிக்கப்போகிறவள் பேச்சா?

மேலும், அது எப்பேர்ப்பட்ட கடிதம்! டார்சி தங்கியிருந்த ரோசிங்ஸ் மாளிகையில் காலை எட்டு மணிக்கு என்று குறித்து எழுதியது. இரண்டு தாள் நெருக்கி எழுதி, இடம் போதாமல் உறையிலும் எழுதியிருக்கிறான். முதலில் படிக்கும்போது, டார்சியைப் பழித்துப் பேசி அவளை நம்பவைத்திருந்த விக்கம் பற்றிய பகுதி வந்ததும் இது பொய்யாகத்தான் இருக்கும் என்கிறாள், ஒருவழியாகப் படித்து முடித்து மடித்து வைக்கிறாள். அரை நிமிடம் தாங்கவில்லை, மறுபடி பிரிக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் ஏறக்குறைய மனப்பாடமே ஆகிவிடுகிறது. ஒரு பெண் தன்னையே அடையாளம் கண்டுகொண்ட காகிதத்தைக் கருவி என்கிறீர்கள்.

குடகுக்காப்பி:
தாழம்பூ அக்கா, கோபப்படாமல் கேளுங்கள். நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது அந்தக் காலத்தில் தகாத காரியம். அதனால்தான் தபாலில் போடாமல் தோப்பில் காத்திருந்து கையில் கொடுத்தான். போதாக்குறைக்கு உள்ளே டார்சியின் தங்கை ஜார்ஜியானாவின் ரகசியம் வேறு. 15 வயதுப் பெண், 30,000 பவுன் சொத்து, ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் விக்கமோடு ஓடிப்போக இருந்தவள். யார் கையிலாவது கிடைத்தால் அந்தப் பெண்ணின் கதி? விவரம் தெரிந்தவள் எரிக்கத்தான் செய்வாள்.

தாழம்பூ:
"எரிக்கத்தான் செய்வாள்" என்பது உங்கள் ஊகம். நான் கேட்டது, எரித்ததாக எங்கே இருக்கிறது?

பழையபேப்பர்:
அதே கேள்வி, அதே ராகம். ஆஸ்டினின் இன்னொரு நாவலான எம்மா பற்றிய திரியிலும் இவர் இப்படித்தான் இரண்டு பக்கம் ஓட்டினார்.

தாழம்பூ:
எம்மா திரியை நீங்களே எடுத்தது நல்லது. ஜேன் ஃபேர்ஃபாக்ஸுக்குப் பியானோ அனுப்பியது கர்னல் கேம்ப்பெல் என்று அடித்துச் சொன்னது யார்? ஃபிராங்க் சர்ச்சில் என்று நாவலே சொன்ன பிறகும் வாய் திறக்கவில்லை நீங்கள்.

மாடிவீட்டுத்தம்பி:
இரண்டு பேரும் விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அவள் மனதை மாற்றியது கடிதமே இல்லை. டார்சியின் பெம்பர்லி மாளிகையைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் ரெனால்ட்ஸ், எஜமானரைப் பற்றிச் சொன்னாரே, அதுதான் மாற்றியது.

தாழம்பூ:
தம்பி, கடிதம் படிக்காதவளாக அங்கே போயிருந்தால் அந்த அம்மாள் சொன்னதை நம்பியிருப்பாளா? எஜமானர் புகழ் பாடும் வேலைக்காரி என்று தள்ளியிருப்பாள். கடிதம் உழுது வைத்த நிலத்தில்தான் அந்தப் பேச்சு விழுந்தது.

மாடிவீட்டுத்தம்பி:
என்னைத் தம்பி என்று கூப்பிட்டு மட்டம் தட்ட வேண்டாம். வயது தெரியுமா உங்களுக்கு?

குடகுக்காப்பி:
பெயரிலேயே தம்பி என்று வைத்துக்கொண்டு இது என்ன சண்டை? சரி, எலிசபெத்தின் உறவினரான பாதிரியார் காலின்ஸின் கடிதங்களைப் பற்றி யாராவது பேசுங்கள். ஒரே கடிதத்தில் ஆளைப் பிடித்துவிடுகிறாள் எலிசபெத், புத்தியுள்ள மனிதராக இருப்பாரா என்று அப்பாவிடம் கேட்கிறாள். அந்தக் கடிதப்போக்குவரத்தை எதற்காகவும் விடமாட்டேன் என்கிறார் அந்த அப்பா பென்னட். அத்தனைக்கும் பெறுகிறவர்தான் தபால் கூலி கொடுக்க வேண்டிய காலம்.

பழையபேப்பர்:
கூலி கொடுத்து வேடிக்கை பார்த்தார். எலிசபெத்தின் தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போனபோது, மகள் செத்திருந்தால் இதைவிடப் பாக்கியம் என்று எழுதினானே அதே காலின்ஸ், அது வேடிக்கையா? பென்னட்டைத் தூக்கிவைத்து ஆடுகிறவர்களிடம் நான் பேசுவதாக இல்லை.

குடகுக்காப்பி:
நான் எங்கே தூக்கிவைத்தேன்? எழுதாததைப் படிப்பது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

தாழம்பூ:
அதைத்தான் நானும் சொல்கிறேன். 58க்குப் பிறகு மிச்சம் இருப்பது மூன்றே அத்தியாயம். மூன்றையும் இன்று மறுபடி படித்தேன். தீயும் இல்லை, கணப்பும் இல்லை. எரித்ததாக எங்கே இருக்கிறது, பழையபேப்பர்?

பழையபேப்பர்:
வைத்திருந்ததாக எங்கே இருக்கிறது? அதை முதலில் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.